தாகம் எடுக்க வைத்த சுவரொட்டி

அச்சகத்தில் அவருக்குப் பெயர் ‘காலியிடம்’. முகத்துக்கு நேரே சார். முதுகைத் திருப்பினால் காலியிடம். முழுத் தாள் ஒன்றைக் கொடுத்தால் அதில் நகக்கண் அளவுக்கு எதையோ வைத்துவிட்டு, மீதி அத்தனையையும் வெள்ளையாக விட்டு, "இந்த வெள்ளையில யாரும் கை வைக்காதீங்க, அதுதான் வேலையே" என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அச்சகக்காரர் முப்பது வருஷமாகத் தள்ளுபடி நோட்டீஸ் அடித்துப் பழகியவர். தாளில் ஒரு விரற்கடை இடம் சும்மா கிடந்தால் அவருக்குக் கை அரிக்கும். "வெறும் வெள்ளை வேணும்னா நேரா தாள் கடைக்கே போயிருக்கலாமே சார், நடுவுல நான் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டும் பார்த்தார். பாவம், இவருக்கு என்ன தெரியும் என்பதுபோல டிசைனர் ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே ரெண்டு அறை கொடுக்கலாம் என்று அச்சகக்காரருக்குத் தோன்றியது. வாடிக்கையாளர் என்பதால் கொடுக்கவில்லை.

டிசைனரின் கொள்கை இதுதான்: டிசைன் ஒரு கலை. கலை யாருக்கும் பதில் சொல்லாது, யாரையும் கைதட்டிக் கூப்பிடாது, யாருக்கும் வழி காட்டாது. வழி காட்டுவது கைகாட்டி மரத்தின் வேலை. இதைக் கருத்தரங்குகளில் சொல்லி மாலை மரியாதையெல்லாம் வாங்கியிருக்கிறார். வீட்டில் மட்டும் எடுபடவில்லை. அவர் மனைவி நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். நாள் முழுக்கச் சாக்கடையையும் கொசுப்புழுவையும் பார்த்துவிட்டு வருகிறவளிடம் கலையைப் பற்றிப் பேசினால், "உங்க கலைய எழுந்து குப்பையக் கொஞ்சம் வெளில வைக்கச் சொல்லுங்க" என்பாள்.

அந்த மனைவியே ஒரு நாள் வேலை கொண்டு வந்தாள். ஊரின் கீழ்ப்பகுதியில் பூமிக்கு அடியில் சாக்கடைக் குழாய் உடைந்து குடிநீர்க் குழாயோடு உறவு கொண்டாடிக்கொண்டிருந்தது. புதுக்குழாய் பதிக்க ஒரு மாதம் ஆகும். அதுவரை அங்கே யாரும் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. நகராட்சி வழக்கமாக ஒட்டும் அறிவிப்பு முப்பது வரி இருக்கும். முதல் வரியை வாசித்தால் கொட்டாவி வரும், கடைசி வரியை வாசித்தவர் இன்னும் பிறக்கவில்லை. இந்தத் தடவையாவது மக்கள் படிக்கிற மாதிரி ஒரு சுவரொட்டி போடுவோம், நான் பொறுப்பு என்று மேலிடத்தில் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தாள் அவள்.

"ஒரே விஷயம்தாங்க" என்றாள். "குழாய்த் தண்ணிய பத்து நிமிஷம் கொதிக்க வச்சுக் குடிங்க. அவ்வளவுதான். கண்ணு மங்கினவங்களும் படிக்கணும், பஸ்ல போறவனும் படிக்கணும்."

"என்கிட்ட விட்டுட்ட இல்ல, கவலைய விடு" என்றார் டிசைனர். அவள் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பதினோரு வகை நீலத்தைப் போட்டுப் பார்த்துப் பத்தைத் தள்ளினார். கடைசியில் நின்றது இது: பெரிய வெள்ளைத் தாள், நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு நீல வட்டம். அந்த நீலத்தில் ஒரு மெல்லிய பளபளப்பு. தொட்டால் விரல் நனையும் போலிருக்கும். தாளின் அடியில் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: ‘குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்துக் குடிக்கவும்.’ உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. அவருக்கே கண் கலங்கிவிட்டது. ஆண்டு வடிவமைப்புக் கண்காட்சிக்கு இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

மனைவி அலுவலகத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தபோது மணி நாலரை. ஐந்துக்குள் அச்சகத்துக்கு அனுப்பினால்தான் மறுநாள் காலையில் ஒட்ட முடியும். அந்த நேரத்தில் டிசைனர் அடிவரியில் இருந்த ‘ழ’வின் வால் சரியாக வளைகிறதா என்று பார்ப்பதற்காகத் திரையில் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தார். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. கடுகை மலையாக்கிப் பார்த்துப் பார்த்தே, தாளில் அது கடுகு என்பதை மறந்துவிடுவார்கள்.

மனைவி திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் தண்டி இருந்தது. "நல்லா பெருசா இருக்கு. நான் பயந்துட்டே வந்தேன், நீங்க எங்க எழுத்தைச் சின்னதா போட்டுருவீங்களோன்னு" என்று சொல்லிவிட்டு, அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

டிசைனர் வாயைத் திறந்தார். இது பெரிதாக்கிக் காட்டுவது, தாளில் இவ்வளவு வராது என்று சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகாது. சொன்னால் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்வாள். பெரிதாக்கினால் வெள்ளை போய்விடும். வெள்ளை போனால் கண்காட்சி போய்விடும். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை மனைவி குழாய் தோண்டும் இடத்தில் மண்ணும் தானுமாக நின்றிருந்தாள். ஒட்டுகிற ஆட்கள் அச்சகத்திலிருந்து நேராகப் போய் ஆயிரத்து இருநூறு சுவரொட்டிகளைக் கீழ்ப்பகுதி முழுக்க ஒட்டினார்கள். அதற்கு அடுத்த நாள் மாலை போய்ப் பார்த்தால் சுவரில் ஒன்றுகூட இல்லை. காய்ந்த பசைத்தடம் மட்டும் சதுரம் சதுரமாக இருந்தது.

"எவனோ கிழிச்சிட்டான்" என்று மனைவி கொதித்தாள். நோயாளிக் கணக்கு அவள் கைப்பையில் இருந்தது. முதல் நாள் ஒன்பது பேர், அடுத்த நாள் முப்பத்தொரு பேர். கணவரையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினாள்.

முதல் சுவரொட்டி முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில், சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"ஈரம் காயறதுக்குள்ள நைசா உரிச்சுக் கொண்டாந்துட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார் கடைக்காரர். "கண்ணாடியில தெரியுது பாருங்க. முடி வெட்டிக்க உக்கார்றவங்களுக்கு மனசு குளுகுளுன்னு இருக்காம். இதப் பாத்தாலே தாகம் எடுக்குதுங்கறாங்க சார்."

நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்த ஆள் அதற்குச் சாட்சி சொல்வதுபோல, "அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார். கடைக்காரர் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். மனைவி பாய்ந்து போய்த் தட்டிவிட்டாள். தண்ணீர், நுரை, டம்ளர் எல்லாம் அந்த ஆளின் மடியில்.

தையல் கடையில் ஒன்று, காபிக் கடையில் மூன்று. ஒரு வீட்டில் புதுமணத் தம்பதி படுக்கைக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். டிசைனர் ஒவ்வொன்றின் அடிவரியையும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள்ளே ஒருத்தன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். இருபது வருஷத்தில் அவருடைய வேலையை யாரும் சுவரிலிருந்து திருடியது கிடையாது.

காபிக் கடை வாசலில்தான் மனைவி சுவரொட்டியைக் கையில் வாங்கி ஆற அமரப் பார்த்தாள். அடிவரியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். பிறகு தள்ளிப் பிடித்தாள். "இது என்னங்க? நான் பாத்தப்போ எழுத்து இப்படி இல்லையே. அச்சகத்துல சின்னதாக்கிட்டாங்களா?"

டிசைனர் தொண்டையைக் கனைத்தார். அது ஆமாம் போலவும் இருந்தது, இருமல் போலவும் இருந்தது.

"அந்த ஆள நான் சும்மா விடப் போறதில்ல" என்றாள் அவள்.

அதற்குள் அவளுக்குப் போன் வந்தது. கூப்பிட்டது அவள் அம்மா. டிசைனரின் மாமியார் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; போன் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். அந்தக் குரல் அன்றைக்குக் காற்றுப் போன மாதிரி இருந்தது. அவர் இருந்ததும் கீழ்ப்பகுதியில்தான். இருவரும் ஓடினார்கள்.

மாமியார் கழிப்பறைக்குள் இருந்தார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் பேச்சு.

"அம்மா, கொதிக்க வச்சுத்தானே குடிச்ச?"

"நாலு நாள் கொதிக்க வச்சேன்டி. நீ என்ன சொன்ன? சீக்கிரம் நோட்டீஸ் ஒட்டுவோம், அதுல விவரம் இருக்கும், அதுவரைக்கும் கொதிக்க வைன்னு சொன்னியா இல்லையா?"

"ஆமா."

"நோட்டீஸ் எங்க வந்துச்சு? மாப்பிள்ள படம்தான் வந்துச்சு. வெள்ளை வெளேர்னு, நடுவுல நீலமா, பளிங்கு மாதிரி தண்ணி. சரி, குழாயச் சரி பண்ணிட்டாங்க, தண்ணி சுத்தமாயிடுச்சு, அதத்தான் இவ்வளவு அழகா சொல்றாங்கன்னு நெனச்சேன். சந்தோஷத்துல ரெண்டு டம்ளர் கூடவே குடிச்சேன்." கொஞ்ச நேரம் வேறு சத்தம். பிறகு, "படம் நல்லாத்தான் இருக்கு மாப்ள, கொறை சொல்லல" என்றார்.

டிசைனர் கூடத்துச் சுவரைப் பார்த்தார். தண்ணீர்க் குடத்துக்கு நேர் மேலே அவருடைய நீலம் மின்னிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாத சுவரொட்டி என்றால்கூடப் பரவாயில்லை. இது ஊர் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறது. அதுவும் எவ்வளவு திறமையாக! உள்ளே மீசை முறுக்கினவன் எங்கே போனான் என்றே தெரியவில்லை.

மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவில்லை. நடைபாதையில் ஒரு பெஞ்சு கிடைத்தது. மாமியாருக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டிலை மாட்டக் கம்பி இல்லாததால் டிசைனரே கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துப் பெஞ்சில் தையல்காரர். அதற்கடுத்து அந்தப் புதுமாப்பிள்ளை. தையல்காரர் இவரை அடையாளம் கண்டு, "படம் போட்டவர்தானே நீங்க" என்று படுத்தபடியே கும்பிட்டார். டிசைனருக்கு அப்போது செத்துவிடலாம் போலிருந்தது. ஒரு கையில் பாட்டில் இருந்ததால் அவரால் திருப்பிக் கும்பிடக்கூட முடியவில்லை.

மறுநாள் மனைவிக்கு ஆணையரிடமிருந்து மெமோ வந்தது. சுவரொட்டி இருந்தும் மக்கள் நோயுற்றது ஏன், ஒட்டியவற்றைக் காக்கத் தவறியது ஏன், நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் பணியிடை நீக்கம். அனுமதித் தாளில் அவள் கையெழுத்து இருந்தது, வேறு யாருடையதும் இல்லை. அவள் அழவில்லை. "அச்சகத்து மேலதான் எழுதப் போறேன். அவங்க கெடுத்ததுக்கு நான் ஏன் வேலைய விடணும்? இனிமே அந்த ஆளுக்கு நகராட்சில ஒரு துண்டுச் சீட்டு வேலைகூடக் கிடைக்காது" என்றாள்.

"நானும் வரேன்" என்றார் டிசைனர்.

"நீங்க எதுக்கு?"

"சும்மா, துணைக்கு."

ஆணையர் அலுவலகமும் கீழ்ப்பகுதி ஓரத்தில்தான் இருந்தது. உள்ளே நுழைந்ததும் டிசைனரின் பார்வை ஆணையரின் தலைக்கு மேலே போய் நின்றது. அங்கேயும் அதே நீல வட்டம், தங்கநிறச் சட்டத்துக்குள்.

"வாங்க வாங்க" என்று ஆணையர் எழுந்து கைகொடுத்தார், மனைவிக்கு அல்ல, டிசைனருக்கு. "அற்புதமான வேலை. நம்ம நகராட்சிக்கே பெருமை. ஜனங்களுக்குத்தான் ரசனை கிடையாது, பொறுப்பும் கிடையாது. படிக்க மாட்டாங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆய்வாளர் மேலதான் நடவடிக்கை."

தப்பிக்க வழி ஜன்னல் கதவு மாதிரி திறந்து கிடந்தது. ‘ஆமாம் சார், ஜனங்கள் அப்படித்தான்’ என்று ஒரு வார்த்தை போதும். மனைவி கைப்பையிலிருந்து அச்சகத்தின் மேல் எழுதிய கடிதத்தை எடுத்தாள்.

"அத உள்ள வை" என்றார் டிசைனர். "சார், உங்க நாற்காலியிலேருந்தே திரும்பி அந்தப் படத்துல அடியில எழுதியிருக்கறதக் கொஞ்சம் படிங்க."

ஆணையர் திரும்பினார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்துப் போட்டார். எழுந்து ரெண்டு அடி வைத்தார். கடைசியில் மூக்கு சட்டத்தில் இடிக்கும் தூரத்துக்குப் போனார். "கொதிக்க... வைத்து..." என்று எழுத்துக் கூட்டினார்.

"அத வாசிக்கறதுக்காக நான் போடல சார். அங்க ஒரு வரி இருந்தாத்தான் படம் அடியில கனமா நிக்கும்னு போட்டேன். திரையில அத மட்டும் பத்து மடங்கு பெருசாக்கி வச்சிருந்தேன். இவ அதப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டா. தாள்ல சின்னதாத்தான் வரும்னு எனக்குத் தெரியும். சொல்லல. அச்சகத்துல ஒரு புள்ளியக்கூட அவங்க மாத்தல. தப்பு ஜனங்களோடதும் இல்ல, இவளோடதும் இல்ல. என்னோடது."

மனைவி அவரைப் பார்த்தாள். திருமணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் ஒரு வேலையைத் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அதற்காகச் சந்தோஷப்படுகிற முகம் இல்லை அது. அன்றைக்குக் காபிக் கடை வாசலில் இவர் கனைத்தாரே, அதை நினைத்துக்கொண்டிருக்கிற முகம்.

ஆணையர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை எடுத்தார். பெரிய மனிதர்கள் பதில் தெரியாதபோது செய்வது அது. டம்ளர் உதட்டருகே போனபோது மனைவி கேட்டாள்: "சார், அது கொதிக்க வச்சதா?"

ஆணையர் மணியை அடித்தார். அலுவலக உதவியாளர் வந்தார். தலை நரைத்த, சுறுசுறுப்பான மனிதர்.

"தண்ணி கொதிக்க வச்சீங்களா?"

"இல்லீங்களே சார். குழாய்ல புடிச்சதுதான். நோட்டீஸ் வந்தா கொதிக்க வைக்கலாம்னு இருந்தேன், இன்னும் வரல." பிறகு, நல்ல பெயர் வாங்க இதுதான் சமயம் என்று நினைத்து, "படம் மட்டும்தான் வந்துச்சு. நான்தான் ஃப்ரேம் போட்டு மாட்டினேன்" என்றார்.

ஒரு வாரமாகக் குடித்திருக்கிறார் ஆணையர். அவர் கை மெதுவாக வயிற்றுக்குப் போனது. அது உண்மையான வலியா, கணக்குப் போட்டதால் வந்த வலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "புது நோட்டீஸ் சாயங்காலத்துக்குள்ள சுவத்துல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளறைப் பக்கம் போனார். மெமோவைப் பற்றி அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் யாரும் பேசவில்லை. விளக்கம் கேட்டவருக்கு வயிறே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் மனைவி ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "எங்கம்மா செத்துப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" பதிலுக்கு நிற்காமல் விறுவிறுவென்று மருத்துவமனைப் பக்கம் நடந்துவிட்டாள்.

அச்சகத்தில் மிச்சம் எண்ணூறு சுவரொட்டிகள் கிடந்தன. புதுத் தாள் வர நேரம் இல்லை. இதன் மேலேயே அடிப்பது என்று முடிவானது. வாசகத்தை மாமியாரே பெஞ்சில் படுத்தபடி போனில் சொன்னார்: ‘குழாய்த் தண்ணியை அப்படியே குடிச்சா பேதி புடுங்கும். பத்து நிமிஷம் கொதிக்க வை. புதுக்குழாய் போடற வரைக்கும்.’ அந்த ‘பேதி’யை மட்டும் வயிற்றுப்போக்கு என்று மாற்றலாமா என்று டிசைனர் தயங்கிக் கேட்டார். "எனக்கு வந்தது பேதி மாப்ள" என்றார் மாமியார்.

எழுத்துக்கு அச்சுத் தகடு செய்யவும் நேரம் இல்லாததால், டிசைனரே தடித்த தூரிகையை எடுத்துத் தாளில் சிவப்பில் எழுதினார். அதை அப்படியே படமெடுத்து, சல்லடைத் துணியில் பதித்து, அதன் வழியே சிவப்பு மையை எண்ணூறு தாளிலும் தேய்த்தார்கள். கையால் எழுதி வருஷக்கணக்காகியிருந்தது. வரி ஏறி இறங்கியது, ‘கொதிக்க’வில் கொம்பு கோணியது. நீல வட்டத்தின் குறுக்கே ‘பேதி’ பெரிதாகப் படுத்துக்கிடந்தது. அச்சகக்காரர் தள்ளி நின்று பார்த்து, "இப்பதான் சார் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். டிசைனர் அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தார். எதற்கு என்று அந்த மனிதருக்குத் தெரியாது. அதனால், காபிக் கடை வாசலில் பழியை அச்சகத்தின் மேல் போக விட்டதைச் சொல்லவே வேண்டியதாகிவிட்டது. அச்சகக்காரர் கேட்டுக்கொண்டார். அவருக்கு அந்த ரெண்டு அறை ஞாபகம் வந்ததோ என்னவோ, கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

சாயங்காலத்துக்குள் எண்ணூறும் சுவருக்குப் போயின. மறுநாள் காலை டிசைனர் தனியாகக் கீழ்ப்பகுதிக்குப் போனார். ஒன்றையும் யாரும் உரிக்கவில்லை. அதில் கொஞ்சம் மனசு வலித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு வீட்டு வாசலில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எதிர்ச்சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "கண்றாவி. காலங்காத்தால யாருங்க இத எழுதி வச்சது?"

"நான்தாம்மா" என்றார்.

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? அப்ப ஒண்ணு கேக்கணும். கொதிக்க வச்சு ஆறின தண்ணியிலதான் பாப்பாவுக்குப் பால் கலக்கறேன். பாப்பாவக் குளிப்பாட்றப்போ வாயில போனா? அதுக்கும் கொதிக்க வைக்கணுமா? அத நீங்க எழுதலையே."

டிசைனர் திகைத்து நின்றார். அவர் வேலையைப் பார்த்து ஆஹா என்றிருக்கிறார்கள், புரியவில்லை என்றிருக்கிறார்கள், பரிசு கொடுத்திருக்கிறார்கள். யாரும் இதுவரை அதனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. பதிலும் அவருக்குத் தெரியாது. "ஒரு நிமிஷம் இரும்மா" என்று மனைவிக்குப் போன் போட்டார். நேற்றிலிருந்து அவள் இவரிடம் பேசவில்லை. மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"என்ன?"

"கைக்குழந்தையக் குளிப்பாட்டவும் கொதிக்க வச்ச தண்ணிதான் வேணுமான்னு கேக்கறாங்க."

"யாரு கேக்கறா?"

"ஒரு அம்மா. நோட்டீஸப் படிச்சிட்டு" என்றார்.

"ஆமான்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. "அங்கயே நில்லுங்க. இன்னும் யாராவது கேப்பாங்க."